வாடைக் காலத்தில் ஏர் ரைபிளுக்கு எந்த பெல்லட் எடுப்பது? கடற்கரைக்காரர்கள் சொல்லுங்கள்

மண்டபத்தான்

எல்லாருக்கும் வணக்கம். மகள் ஒன்பதாவது படிக்கிறாள், 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். மாடியில் பத்து மீட்டர் அளந்து கூரை போட்டு, பின்னால் இரும்புத் தகடும் பெல்லட் (ஈயக் குண்டு) விழும் பெட்டியும் வைத்திருக்கிறோம். வார நாளில் அங்கே பயிற்சி, வார இறுதியில் மதுரைக்குப் போய் கோச்சிடம் காட்டிவிட்டு வருவோம். துப்பாக்கி காற்றை அழுத்தி நிரப்பும் சிலிண்டர் வகை, உள்ளே அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் உண்டு. இரண்டாம் கையாக வாங்கியது, ஆனால் நல்ல நிலையில் இருக்கிறது.

விஷயம் என்னவென்றால், கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. ஐப்பசி பிறந்து வாடை திரும்பியதும் குரூப் (அட்டையில் குண்டுகள் விழும் கூட்டம்) விரிய ஆரம்பிக்கிறது, அதுவும் மேலும் கீழுமாக. பக்கவாட்டில் அவ்வளவு இல்லை. எங்கள் வீடு வடகடல் பக்கம், வாடை நேராக மாடியில்தான் வந்து மோதும். கடையில் கேட்டால் "குளிர் காற்று கனம், அதனால் கனமான பெல்லட் போடுங்க" என்கிறார்கள். இப்போது போடுவது தட்டைத் தலை, 0.53 கிராம், தலை அளவு 4.50 மில்லிமீட்டர். இதைவிடக் கனமாகப் போகலாமா, இல்லை 4.49 அல்லது 4.51 எடுக்கலாமா? போட்டி நெருங்குகிறது, பிள்ளை மனசு விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

தேவிபட்டினம்_சார்

தம்பி, முதலில் அந்தக் "குளிர் காற்று கனம்" பேச்சை ஒதுக்கி வையுங்கள். நம் கடற்கரையில் மார்கழி விடியலில்கூட 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பகல் 34 என்று வைத்துக்கொண்டாலும் காற்றின் அடர்த்தியில் வித்தியாசம் 4 சதவீதம் அளவுதான் வரும். பத்து மீட்டர் தூரத்துக்குள் அது பெல்லட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இறக்காது. இது ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் சுடுகிறவர்கள் பேச வேண்டிய கணக்கு.

வேகம்தான் உங்கள் கணக்கு. உங்கள் மாதிரித் துப்பாக்கியில் பெல்லட் நொடிக்கு 172 மீட்டர் அளவில் கிளம்பும். பத்து மீட்டரைக் கடக்க 0.058 நொடி. அதற்குள் பூமி அதைக் கிட்டத்தட்ட 16.6 மில்லி கீழே இழுத்துவிடும். அதே பெல்லட் 169இல் கிளம்பினால் 17.2 மில்லி இறங்கும். ஆக நொடிக்கு மூன்று மீட்டர் வேகம் குறைந்தால் 0.6 மில்லி கீழே. சின்னதாகத் தெரியலாம். இலக்கு அட்டையில் பத்தின் புள்ளி விட்டம் 0.5 மில்லி, பெல்லட் 4.5 மில்லி, அதனால் பெல்லட்டின் நடு மையத்திலிருந்து 2.5 மில்லிக்குள் இருந்தால் பத்து. அந்த 2.5ஐப் பத்தாகப் பிரித்துத்தான் 10.0 முதல் 10.9 வரை போடுகிறார்கள், ஒவ்வொரு தசமமும் கால் மில்லி. 0.6 மில்லி என்றால் ஒரு குண்டுக்கு இரண்டு தசமத்துக்கு மேல் போகிறது. அறுபது குண்டிலும் சேர்த்துப் பாருங்கள்.

மேலும் கீழுமாக விரிகிறது, பக்கவாட்டில் இல்லை என்கிறீர்கள். வேகம் குண்டுக்குக் குண்டு மாறினால் இப்படித்தான் விரியும். பிள்ளையின் மூச்சும் இதே மாதிரி காட்டும், அதனால் ஆளையும் துப்பாக்கியையும் பிரித்துப் பார்க்காமல் பெல்லட்டை மாற்றாதீர்கள். ஒன்று கேட்கிறேன், பெல்லட் டின்னை எங்கே வைக்கிறீர்கள்? அந்த பெல்லட் கண்ணுக்கு எப்படி இருக்கிறது, பளபளப்பா, மங்கலா?

ராமேஸ்வரம்_ரைபிள்

சார் சொன்னதோடு ஒன்று. நான் கல்லூரி அணிக்குச் சுடுகிறவள். வாடைக் காலத்தில் ஜாக்கெட்டைப் பாருங்க அண்ணா. கேன்வாசும் தோலும் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடும், நின்று சுடும்போது முதுகுக்கும் இடுப்புக்கும் கிடைக்கிற தாங்கல் போய்விடும். பிள்ளைகளுக்கு அது சொல்லத் தெரியாது, "இன்னிக்கு நிக்கவே முடியல" என்று மட்டும் சொல்வார்கள். சுட்டு முடித்ததும் மடித்துப் பையில் திணிக்காமல் அகலமான ஹேங்கரில் மின்விசிறிக்கு நேராகத் தொங்கவிடுங்க, வெயிலில் வேண்டாம்.

மண்டபத்தான்

சார், கேட்டதும் போய்ப் பார்த்தேன். டின்கள் மர அலமாரியில், அட்டைப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஜன்னல் பக்கத்து அலமாரி. திறந்திருக்கிற டின்னில் பெல்லட் மங்கலாக இருக்கிறது. சிலதில் விபூதி பூசின மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறது, விரலில் தேய்த்தால் ஒட்டுகிறது. கச்சான் காலத்தில் வாங்கினது.

தங்கச்சி, ஜாக்கெட் பையில்தான் கிடக்கிறது. இன்றே எடுத்துத் தொங்கவிடுகிறேன்.

தேவிபட்டினம்_சார்

முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிள்ளையையும் கழுவச் சொல்லுங்கள். அந்த வெள்ளைப் பொடி ஈயத்தின் உப்பு, விஷம். வாயால் ஊதக் கூடாது, துணியால் உதறக் கூடாது. பெல்லட் தொட்ட கையோடு பிஸ்கட் எடுத்துத் தின்பது எல்லா ரேஞ்சிலும் பார்க்கிற பழக்கம். வளர்கிற பிள்ளைக்கு அது கூடவே கூடாது.

ஈயம் ஈரக்காற்றில் இருந்தால் முதலில் மங்கும், பிறகு காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளையாகப் பூக்கும். மரமும் அட்டையும் இதற்கு எண்ணெய் ஊற்றுகிற வேலையைச் செய்கின்றன. அவற்றிலிருந்து மெல்ல மெல்ல அசிட்டிக் அமில ஆவி வரும், அது ஈயத்தை வேகமாக அரிக்கும். அருங்காட்சியகங்களில் ஈயப் பொருளை மர அலமாரியில் வைக்காமல் இருப்பதற்குக் காரணமே இதுதான். உங்கள் வீட்டில் மரம், அட்டை, ஈரம், கடல் உப்பு நாலும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன.

ஒரு பெல்லட்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பின்பக்கம் பாவாடைபோல விரிந்திருக்கும் ஸ்கர்ட்டின் விளிம்பு காகிதம்போல மெல்லியது. காற்றழுத்தம் அடிக்கும்போது அதுதான் விரிந்து குழலின் வரிகளைப் பிடித்து அடைக்கிறது. அந்த விளிம்பில் பூப்பூத்திருந்தால் ஒரு குண்டு இறுக்கமாகப் போகும், அடுத்தது காற்றைக் கசியவிட்டுப் போகும். வேகம் மாறும். நீங்கள் சொன்ன மேல்-கீழ் விரிவு வந்து நிற்கும். கனமான பெல்லட் வாங்கி அதே அலமாரியில் வைத்தால் அதுவும் இப்படித்தான் ஆகும்.

கீழக்கரை_பாய்

அஸ்ஸலாமு அலைக்கும். சார் சொல்றது நூத்துக்கு நூறு. எங்க வீட்டில் டின்னை எவர்சில்வர் சம்படத்துக்குள் போட்டு, கூடவே சிலிகா ஜெல் பொட்டலம் வைத்து மூடிவிடுவோம். நீல நிற ஜெல் ஈரம் குடித்தால் ரோஸாக மாறும், அப்போது எடுத்து வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகும். அந்த வாணலியில் சமைக்காதீங்க, நீல நிறத்துக்குப் போடுற சாயத்தில் கோபால்ட் இருக்கு. ஆரஞ்சு ஜெல் அந்த வகையில் பரவாயில்லை. அரிசி போட்டு வைக்கிறவங்க இருக்காங்க, அது தூசியைத்தான் சேர்க்கும்.

மண்டபம் அண்ணே, இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா, துப்பாக்கியை ஏசி அறையில் வைத்திருக்கீங்களா?

மண்டபத்தான்

ஆமா பாய், ஏசி அறைதான். ஈரம் படாமல் இருக்கட்டும் என்று.

கீழக்கரை_பாய்

அறையில் இருக்கிற வரைக்கும் சரி, வெளியே எடுக்கிற நேரம்தான் ஆபத்து. நம்ம ஊர்க் காற்று 30 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு நின்றால், 26 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்த இரும்பைத் தொட்டாலும் அதில் வியர்த்துவிடும். ஏசியில் 22இல் இருந்த குழலை நேரே மாடிக்குக் கொண்டு போனால் இரண்டு நிமிஷத்தில் பனி படியும், வெளியே துடைப்பீங்க, குழலுக்குள்ளே படிந்ததை யார் துடைக்கிறது? அதே ஈரத்தில் முதல் சில குண்டு ஒரு மாதிரி போகும், காய்ந்ததும் வேற மாதிரி போகும். டயாப்டர் (பின் சைட்) கண்ணாடியிலும் மங்கல் பிடிக்கும்.

பெட்டியைத் திறக்காமல் அப்படியே மாடியில் வைத்துவிடுங்க. முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து, உள்ளே இருக்கிற இரும்பு வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்க. மதுரைக்குக் காரில் ஏசி போட்டுப் போகும்போதும் இதே கதைதான்.

ஏர்வாடி_ஸ்பிரிங்

நல்ல இழை. என்னிடம் இருப்பது சிலிண்டர் இல்லை, மடக்கிச் சுடும் ஸ்பிரிங் துப்பாக்கி. மழைக்காலத்தில் துரு பிடிக்காமல் இருக்க குழலுக்குள் மெஷின் ஆயில் விடலாமா? அப்புறம் இதற்கும் தட்டைத் தலைதானா, கூர்த்தலை போட்டால் கண்மாய்ப் பக்கம் கொக்கு, நாரைக்கு நல்லா இருக்கும் என்கிறார்களே?

ராமேஸ்வரம்_ரைபிள்

பறவை பேச்சே வேண்டாம் அண்ணா. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. ஏர்கன்னாக இருந்தாலும் கொக்கைச் சுட்டால் அது வேட்டைதான். சித்திரங்குடி, கஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை, மேலச்செல்வனூர் என்று நம் மாவட்டத்துக் கண்மாய்களே சரணாலயங்கள். எங்கிருந்தோ பறந்து வந்து நம் கருவேல மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற உயிர்கள் அவை. 4.5 மில்லிக்கும் 20 ஜூலுக்கும் உட்பட்ட ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2016 ஆயுத விதிகள் விட்டிருப்பது நாம் பேப்பரைச் சுடுவதற்கு. ஒரு ஆள் கொக்கைச் சுட்டால் கெட்ட பெயர் எங்கள் எல்லார் மேலும் விழுகிறது.

தேவிபட்டினம்_சார்

தங்கச்சி சொன்னதே என் பதிலும். இப்போது ஆயில் விஷயம். ஸ்பிரிங் துப்பாக்கியில் பெட்ரோலிய ஆயில் காற்று அறைக்குள் போகவே கூடாது. பிஸ்டன் அடிக்கும்போது காற்று நெருங்கிச் சூடாகும், அந்தச் சூட்டில் ஆயில் ஆவி பற்றிக்கொள்ளும், டீசல் இன்ஜினில் நடப்பது அதுதான். சத்தம் பெரிதாகக் கேட்கும், வேகம் தாறுமாறாகும், சீல் கருகும், ஸ்பிரிங்கும் உடையலாம். உள்ளே சிலிகான் ஆயில் ஒரு சொட்டு, அதுவும் எப்போதாவது. வெளி இரும்புக்கு ஆயில் தொட்ட துணியால் ஒரு துடைப்பு போதும். கை வியர்வையில் உள்ள உப்பே துருவுக்குப் போதுமானது, அதனால் சுட்டு முடித்ததும் துடைத்துவிடுங்கள். மடக்கி வைத்த நிலையில் துப்பாக்கியை விட்டுவிடாதீர்கள், ஸ்பிரிங் சோர்ந்துவிடும்.

பேப்பருக்கு என்றால் தட்டைத் தலைதான். அது வட்டமாக வெட்டிக்கொண்டு போகும், புள்ளி எண்ணத் தகராறு இராது.

தொண்டி_பனிநாடு

ஊர்க்காரங்க பேசுறதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தொண்டி, இப்போது அமெரிக்காவில் பனி பொழிகிற பக்கம் வேலை. இங்கே மஸில்லோடர் சுடுகிறேன், வாய் வழியாக மருந்தும் குண்டும் இடிக்கிற துப்பாக்கி, ஆனால் புகையில்லா மருந்துக்கென்றே கட்டின வகை. சாவேஜ் 10எம்எல்-2 மாதிரி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சாதாரணக் கருமருந்து மஸில்லோடரில் புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் வெடிக்கும், ஆள் போய்விடுவார். சட்டமும் மாகாணத்துக்கு மாகாணம் வேறு, கொலராடோவில் மஸில்லோடர் சீசனில் புகையில்லா மருந்தும் கூடாது, சபோ என்கிற பிளாஸ்டிக் உறையும் கூடாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஸ்கர்ட் செய்கிற வேலையை இங்கே சபோ செய்கிறது. குழல் 0.50 அங்குலம், குண்டு 0.452 அங்குலம், நடுவில் இருக்கிற இடைவெளியை அடைப்பது அந்த உறை. நிஜக் குளிரில் அந்த பிளாஸ்டிக் விறைத்துவிடும். இடித்து இறக்கவே தோள் வலிக்கும், சில வகையில் உறையின் இதழ் ஒடியும். கோடையில் நேர்மாறு. நாலு குண்டு தொடர்ந்து சுட்டால் குழல் சூட்டில் உறை இளகிக் காற்று கசியும், குண்டு எங்கோ போகும். தளர்வான சபோ இன்னொரு கெடுதலும் செய்யும், எதிர்ப்பு இல்லாததால் மருந்து ஒரே சீராகப் பற்றாது. அதனால் இங்கே நாங்கள் குண்டின் எடையைப் பற்றிப் பேசுவதைவிட சபோவின் தடிமன் பற்றித்தான் அதிகம் பேசுவோம். சபோவைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்வேன். சைட் சரிபார்ப்பதும் அந்தக் குளிரிலேயே, ஆறின குழலில் போகிற முதல் குண்டை வைத்துத்தான்.

மண்டபம் அண்ணே, உங்களுக்கும் எடையைவிட 4.49, 4.50, 4.51 என்கிற அளவுதான் முக்கியம் என்று என் எண்ணம்.

தேவிபட்டினம்_சார்

தொண்டித் தம்பி சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம் என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். குழலுக்குக் குழல் உள்விட்டம் துளி மாறும், ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 4.49 நன்றாகப் போகிறது என்பதால் உங்கள் குழலுக்குப் போக வேண்டும் என்று விதி இல்லை. ஆர்-10, ஃபினாலே மேட்ச், ஜேஎஸ்பி என எந்த பெல்லட்டானாலும் பெயரைப் பார்த்து வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதற்குள்ளும் லாட் நம்பர் (ஒரே தொகுதியாகத் தயாரித்ததன் எண்) என்று ஒன்று டின்னின் ஒட்டுத்தாளில் இருக்கும். ஒரே உப்பளத்தில் அள்ளினாலும் பாத்திக்குப் பாத்தி உப்பு வேறு, அப்படித்தான் லாட்டும். அச்சு தேய்ந்திருக்கும், மாற்றியிருப்பார்கள். நல்ல லாட் கிடைத்தால் அதே நம்பரில் சீசனுக்கு வேண்டியதை மொத்தமாக எடுத்துவிட வேண்டும்.

சோதனை செய்யும் விதம் சொல்கிறேன். பெரிய ரேஞ்சில் துப்பாக்கியை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கிச் சுடுவார்கள். உங்களுக்கு அது வேண்டாம். கனமான மேசை, அதன் மேல் மணல் நிரப்பின பை இரண்டு, முன்கட்டைக்கு ஒன்று, பின்கட்டைக்கு ஒன்று. சிலிண்டர் துப்பாக்கி அதிகம் உதைக்காது, அதனால் இது போதும். (ஏர்வாடித் தம்பி, ஸ்பிரிங் துப்பாக்கியை இப்படி வைத்துச் சுட்டால் குழம்பிப் போவீர்கள், அதை உள்ளங்கையில் தளர்வாக ஏந்தித்தான் சுட வேண்டும்.) காற்று அடங்கின நேரம், நம் பக்கத்தில் விடிந்ததும் ஒரு மணி நேரம். சிலிண்டரில் அழுத்தம் நிறைவாக இருக்கட்டும். குழலை ஃபெல்ட் பெல்லட்டால் (துடைக்கப் போடும் கம்பளித் துண்டு) துடைத்துவிட்டு, இருபது குண்டாவது சும்மா சுட்டு, குழல் மறுபடி ஈயம் பூசிக்கொண்ட பிறகு கணக்கை ஆரம்பியுங்கள். துடைத்த உடனே சுடுகிற குண்டுகள் எதையும் சொல்லாது.

ஐந்து குண்டு ஒரே அட்டையில். அந்த ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு அளந்து 4.5ஐக் கழித்தால் நடுவிலிருந்து நடு. ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஐந்தாகப் பல அட்டை சுடுங்கள். ஒரு அட்டை அழகாக வந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள், அதிர்ஷ்டம் என்று ஒன்று உண்டு. மணல் பை மேல் வைத்து வெளி அளவு 6 மில்லிக்குள் தொடர்ந்து நின்றால் அதைப் போட்டிக்கு வைக்கலாம். 7ஐத் தாண்டினால் பயிற்சிக்கு.

வகை மாற்றும்போது முதல் சில குண்டை எண்ண வேண்டாம்.

கீழக்கரை_பாய்

சார், எடை பார்த்துப் பிரிக்கிறதைப் பற்றி என்ன சொல்றீங்க? நான் 0.001 கிராம் தராசில் பார்த்துப் பிரிப்பேன்.

தேவிபட்டினம்_சார்

பாய், நல்ல மேட்ச் பெல்லட்டில் அந்த உழைப்புக்குப் பலன் மிகக் குறைவு என்பது என் கருத்து. அந்த நேரத்தில் ஒவ்வொரு ஸ்கர்ட்டையும் வெளிச்சத்தில் பார்த்து நசுங்கினதை எடுத்துப் போடுங்கள், பத்து மடங்கு பலன். டின்னைக் குலுக்காமல் எடுத்துச் செல்வது அதைவிட முக்கியம். மதுரை ரோட்டில் காரின் டேஷ்போர்டில் டின்னைப் போட்டால் உள்ளே பாதி பெல்லட் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளும்.

ராமேஸ்வரம்_ரைபிள்

எடையில் நான் பாய் கட்சி. குழி வைத்த தட்டில் வரும் விலை உயர்ந்த பெல்லட்டுக்கு வேண்டாம்தான், ஆனால் பயிற்சி டின்னில் எடை பார்த்தால் ஒன்றிரண்டு தனியாகத் தெரியும், அவை காற்றுக் குமிழி உள்ள பெல்லட். எங்கள் அணியில் கண்ணாடித் தகட்டைச் சற்றுச் சாய்த்து ஒவ்வொன்றாக உருட்டிவிடுவோம். தலையும் ஸ்கர்ட்டும் அளவு வேறு என்பதால் பெல்லட் வளைந்து உருளும். எல்லாம் ஒரே வளைவில் போகும், கோணலானது மட்டும் வழி மாறிப் போகும். தராசு இல்லாதவர்களுக்கு இது நல்லது. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்க.

மண்டபத்தான்

அந்த வெள்ளை பூத்த பெல்லட்டைக் கழுவிப் பயன்படுத்தலாமா?

கீழக்கரை_பாய்

கழுவுறவங்க இருக்காங்க. சோப்புத் தண்ணியில் அலசி, காயவைத்து, மறுபடி லேசாக எண்ணெய் பூசி. ஆனா கம்பெனியில் பூசி வருகிற மெல்லிய பூச்சு போயிடும், நம்ம ஊரில் ரெண்டே நாளில் திரும்பப் பூக்கும்.

தேவிபட்டினம்_சார்

பூத்துவிட்டால் ஈயம் கரைந்துவிட்டது என்று அர்த்தம். கழுவினால் பொடி போகும், போன விளிம்பு திரும்ப வராது. கழுவின தண்ணீரும் ஈயத் தண்ணீர், பிள்ளைகள் புழங்கும் இடத்தில் ஊற்ற முடியாது. பூத்த பெல்லட்டை ஒரு ஜாடியில் மூடி வைத்து, பழைய ஈயம் எடுப்பவரிடம் பெட்டியில் விழுந்த பெல்லட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சோதியுங்கள், காற்று எங்கே நிரப்புகிறீர்கள்?

மண்டபத்தான்

கைப்பம்புதான் சார். நேரம் ஆகிறது என்று, நம் பக்கத்தில் சங்கு எடுக்கிறவர்கள் வள்ளத்தில் கம்ப்ரசர் வைத்திருக்கிறார்களே, அதில் நிரப்ப முடியுமா என்று ஒரு யோசனையும் இருக்கிறது.

தேவிபட்டினம்_சார்

வேண்டாம். அது மூச்சுக்குக் காற்றுத் தள்ளுகிற குறைந்த அழுத்த இயந்திரம், உங்களுக்கு வேண்டியது 200 பார் அழுத்தம். கிட்டே வராது. அதில் ஈரமும் எண்ணெய் ஆவியும் வேறு. கைப்பம்பு போதும், ஆனால் அதன் அடியில் ஈரம் உறிஞ்சும் குப்பி இருக்கும், வாடைக் காலத்தில் அது சீக்கிரம் நிறையும். பிரித்துப் பாருங்கள். இடையிடையே நிறுத்தி, ஆறவிட்டு, ஈரத்தைத் திறந்துவிட்டு அடியுங்கள். ஈரக் காற்று ரெகுலேட்டருக்குள் போனால் வால்வில் அரிப்பு வரும். அழுத்தம் குண்டுக்குக் குண்டு மாறினால் மறுபடி மேல்-கீழ்தான்.

யாராவது ஆஸ்பத்திரி ஆக்சிஜன், வெல்டிங் ஆக்சிஜன் என்று யோசனை சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரு துளி கிரீஸ் இருந்தாலும் உயர் அழுத்த ஆக்சிஜனில் வெடித்துவிடும். சிலிண்டரில் அடித்திருக்கும் தேதியும் பாருங்கள். ஏர் ரைபிள் சிலிண்டருக்குப் பல கம்பெனிகள் 10 ஆண்டுதான் தருகின்றன, போட்டியில் தேதி போன சிலிண்டரை ஒதுக்கிவிடுவார்கள். இரண்டாம் கையில் வாங்கினவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மண்டபத்தான்

சார், பாய், தங்கச்சி, தொண்டித் தம்பி எல்லாருக்கும் நன்றி. சோதனை முடித்துவிட்டு எழுதுகிறேன்.

பம்பின் குப்பியைப் பிரித்தால் ஜெல் முழுக்க ரோஸ். மாற்றியாச்சு. சிலிண்டர் தேதிக்கு இன்னும் காலம் இருக்கிறது. கோச்சிடம் சொல்லி ஒரே கம்பெனியில் 4.49, 4.50, 4.51 மூன்றிலும் புது டின் வரவழைத்தோம். மேசை, மணல் பை, விடியற்காலை. மகளே உட்கார்ந்து சுட்டாள், நான் அட்டை மாற்றி எழுதிக்கொண்டேன்.

பழைய டின், பூக்காத பெல்லட்டாகப் பொறுக்கியும், 7க்கு மேலேயே நின்றது, சில அட்டையில் எட்டைத் தொட்டது, அதுவும் மேல்-கீழ். புது 4.50 பெரும்பாலும் 6க்குள். 4.51 அதைவிடச் சற்று இறுக்கம், எல்லா அட்டையும் 5.5 பக்கத்தில். 4.49 எங்கள் குழலுக்கு ஆகவில்லை, நாலு குண்டு ஒன்றாகப் போகும், ஐந்தாவது விலகும். எடையில் எந்த மாற்றமும் செய்யவில்லை, எல்லாம் 0.53தான். துப்பாக்கிப் பெட்டியை ஒரு மணி நேரம் வெளியே வைத்துத் திறக்கிறோம், முதல் குண்டுகளில் இருந்த அந்த அலைச்சல் இப்போது இல்லை.

அட்டைகளை எல்லாம் வரிசையாக ஒட்டி வைத்துக்கொண்டு, "அப்பா, அப்போ நான் சரியாத்தான் சுட்டிருக்கேன்" என்றாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இனி 4.51 என்று முடிவு. டின்கள் எவர்சில்வர் சம்படத்தில், ஜெல்லோடு. சார், போட்டிக்கு எத்தனை டின் எடுத்து வைக்கலாம்?

தேவிபட்டினம்_சார்

பிள்ளைக்கு என் வாழ்த்து. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இதே 10 மீட்டரில் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கும் போய்வந்தவர், அதைச் சொல்லுங்கள்.

டின்னுக்கு 500. போட்டிக்கு அறுபது, அதற்கு முன் சரிபார்க்கும் குண்டுகள், தகுதி பெற்றால் இறுதிச் சுற்று. ஒரு போட்டிக்கு ஒரு டின் தாராளம். போட்டிக்கு முந்தைய கடைசி இரண்டு வாரப் பயிற்சியும் அதே லாட்டில் நடக்க வேண்டும் என்பதால் நாலு டின் எடுங்கள். மற்ற நாளுக்குப் புது 4.50 போதும், காசு மிச்சம். ஒரே நேரத்தில் ஒரு டின்தான் திறந்திருக்க வேண்டும், மற்றவை ஒட்டுத்தாள் பிரிக்காமல் சம்படத்தில் இருக்கட்டும்.

ராமேஸ்வரம்_ரைபிள்

அண்ணா, அந்த 4.51 லாட் நம்பரைப் போடுங்க. எங்கள் அணியில் ஒருத்திக்கு அதே மாடல் துப்பாக்கி, அவள் குழலிலும் சுட்டுப் பார்க்கலாம்.

மண்டபத்தான்

சாயங்காலம் ஒட்டுத்தாளைப் படம் எடுத்துப் போடுகிறேன் தங்கச்சி. ஒரு டின் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை பாம்பன் வரும்போது கொண்டு வருகிறேன், முதலில் அதில் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்க.